குறியீடு ஒன்பது: பொருளற்றவை

7 ஜூலை 2025, திங்கள்

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். அட்டவணையில் 'ஐயம்' என்று ஒரு பத்தி இருக்கிறது. போட்ட குறியீடு சரிதானா என்று தெரியாதபோது அதில் கேள்விக்குறி இட வேண்டும். 1,702 இடங்களில் இட்டிருக்க வேண்டும். ஓர் இடத்தில்கூட இடவில்லை.

வரிசையாக எழுதுகிறேன். பகலில் எனக்கு ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலை ஏழு மணிக்கு மின்வலை நலவாழ்வுக் கல்வி ஆய்வு மையத்தில் டிப்ளோமா வகுப்பு. இந்தப் பருவத்தின் செய்முறை மதிப்பெண்ணுக்காக என்னை ஓர் ஆய்வில் சேர்த்திருக்கிறார்கள். எட்வினா தோட்டம் விற்கப்பட்ட பிறகு அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம், 'பத்து காஜா' என்ற ஊரின் சாலையோர அடுக்குமாடிக்கு வந்தன. அவர்கள் 'எட்வினா ஃபேமிலி' என்று ஒரு வாட்சாப் குழு வைத்திருக்கிறார்கள். மையத்தில் அதைப் புலனக் குழு என்றுதான் எழுத வேண்டும். 61 பேர். பெரும்பாலோருக்கு நீரிழிவு. சமூக ஊடகம் அவர்கள் உடல்நலத்தை என்ன செய்கிறது என்பதே ஆய்வு. சம்மதக் கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று இலவசம். இரத்தத் துளி வைத்துப் பார்ப்பதற்கான ஸ்ட்ரிப்புகள் மாதாமாதம் வரும். குழுவையும் போன் அழைப்புகளையும் கவனிக்க அவர்கள் கைப்பேசியில் மையத்தின் செயலி ஒன்று இருக்கும்.

என் வேலை, ஒரு மாதத்துச் செய்திகள் 2,914க்கும் ஒன்று முதல் ஒன்பது வரை குறியீடு போடுவது. ஒன்று என்றால் மருத்துவத் தகவல். மூன்று என்றால் மன ஆறுதல். எட்டு வதந்தி. ஒன்பது, பொருளற்றவை. 1,702 செய்திகள் காலை வணக்கப் படங்கள். முருகன், ரோஜா, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை, தூங்கும் நாய்க்குட்டி. எல்லாம் காலை ஆறரைக்குள் வந்தவை. முதல் நாற்பதுக்கு மூன்று போட்டேன். நாய்க்குட்டி வந்தபோது கை தயங்கியது. திரும்பிப் போய் எல்லாவற்றையும் ஒன்பது ஆக்கினேன். ஐயப் பத்தியைக் காலியாக விட்டேன். ஐயம் ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் குறியீட்டாளரை மாற்றிவிடுவார்கள் என்று கையேட்டில் இருக்கிறது.

9 ஜூலை, புதன்

இரண்டாம் குறியீட்டாளர் ஒருவர் அதே செய்திகளுக்குத் தனியாகக் குறியீடு போட வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிட வேண்டும். இரண்டாமவரை இன்னும் நியமிக்கவில்லை. ஆகவே நானே வேறு பெயரில் உள்ளே போய் மறுபடி போட்டேன். ஒத்திசைவு நூறு விழுக்காடு.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ரஜிதா அக்கா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நூறுன்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க லா, கோகிலன். தொண்ணூத்து மூணு ஆக்கிடு."

"எந்த ஏழுல நான் என்னோட ஒத்துப்போகலன்னு காட்டுறது அக்கா?"

"அத உன் மனசாட்சிக்கே விட்டுர்றேன்."

எட்டரை மணி வரை உட்கார்ந்து என்னோடு முரண்பட்டேன்.

10 ஜூலை, வியாழன்

ஆய்வுத் தலைவர் இணைப்பேராசிரியர் அருளம்பலம் கூட்டம் நடத்தினார். பேசியதைக் குறிப்பெடுத்தேன்.

"நண்பர்களே, ஒரு சமூகம் தனக்குள் பேசிக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. முறையாகப் பேசட்டும் என்றுதான் கேட்கிறேன். ஐம்பத்தெட்டு விழுக்காடு இரைச்சல். ரோஜாப்பூவால் யாருடைய சர்க்கரையாவது இறங்கியதற்குச் சான்று உண்டா? இந்த மக்களோடு நான் முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஒருவரைக்கூட நேரில் சந்திக்கும் தேவை ஏற்பட்டதில்லை. தரவு அவ்வளவு தெளிவானது."

கைதட்டினோம். முடிவுகள்: ஜூலை 21 முதல் குழுவில் படங்களுக்குத் தடை. அவற்றுக்குப் பதில் 'இனிப்பை வெல்வோம்' என்ற இணையவழிப் பாடங்கள் பன்னிரண்டு. ஒருவர் விதியை மீறினால் எல்லாருக்கும் ஸ்ட்ரிப்பு நிற்கும். குழுவின் நிர்வாகி இனி ரஜிதா அக்கா. பழைய நிர்வாகி தேவன், பள்ளி வேன் ஓட்டுபவர். கேட்டவுடன் கொடுத்துவிட்டாராம். குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் ஒரு முனையாகக் காட்டும் வரைபடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. நாள்தோறும் 5.50க்கு முதல் படம் போடும் முனை 23. பேராசிரியர் அதை லேசர் ஒளியால் வட்டமிட்டு, "இரைச்சலின் ஊற்று," என்றார்.

12 ஜூலை, சனி

முனை 23ஐ நேர்காண என்னை அனுப்பினார்கள். பெயர் நல்லம்மாள். வயது 56. டோபி கடையில் துணி தேய்க்கிறார். நான்காம் மாடி, தனியாக இருக்கிறார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கேள்விகள் 84.

"ஒரு நாளில் எத்தனை முறை தேவையின்றிக் கைப்பேசியைப் பார்க்கிறீர்கள்?" என்று வாசித்தேன்.

"தேவையில்லாம பாக்குறதுக்கு அதுல என்ன என் கல்யாணமா ஓடுது?"

எந்த விடையில் அடக்குவது என்று தெரியாமல் 'அரிதாக' என்று குறித்தேன். ஐம்பத்து மூன்றாம் கேள்வியோடு அவர் காப்பி போடப் போனார். பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியை அப்போது கேட்டேன். அது விதிமீறல்.

"ஆண்ட்டி, காலையில அஞ்சு அம்பதுக்கு எதுக்குப் படம் போடுறீங்க?"

"பெரட்டு தம்பி."

"புரியல."

"நீ தோட்டத்துப் பிள்ளை இல்லையா? விடியிறதுக்கு முன்ன ஆளுங்கள வரிசையா நிக்க வச்சு பேரு கூப்புடுவாங்க. அதான் பெரட்டு. அங்க வராதவனுக்கு அன்னிக்குச் சம்பளம் இல்ல. இங்க ஆறரைக்குள்ள படம் போடாதவன் வீட்டுக் கதவ ஒடைப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஒடைப்பீங்களா?"

"என் கதவப் பாரு." தாழ்ப்பாள் இருந்த இடத்தில் புதிய பலகை அறைந்திருந்தது. "ராத்திரி ஊசி போடுறேன்ல, சில நாளு விடியக்காலம் சீனி கடகடன்னு எறங்கிரும். எழுந்திரிக்க முடியாது, கத்தவும் முடியாது. போன தீபாவளிக்கு முன்ன ஒரு தடவ, சித்திரையில ஒரு தடவ. என் படம் வரலன்னு தேவன் வேன்ல இருந்து போன் போட்டிருக்கான். நான் எடுக்கல. கீழ் வீட்டு ஆளுங்க ஓடியாந்து, ஈறுல சீனியத் தேச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. டாக்டரு என்ன சொன்னாருன்னா, இன்னும் மூணு நாலு மணி நேரம் கெடந்திருந்தா மூளையே கெட்டுப் போயிருக்குமாம்."

"அப்ப படம் போடக் கூடாதுன்னா?"

"அதான் நான் உன்னக் கேக்குறேன். நீதானே படிச்ச பிள்ளை. நான் இருக்கேனா இல்லையான்னு யாரு பாப்பா?"

சொல்கிறேன் என்றேன். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. மீதி 31 கேள்விகளை அவரே வேகமாக 'சரி, சரி' என்று முடித்துக் கொடுத்தார்.

14 ஜூலை, திங்கள்

ரஜிதா அக்காவிடம் சொன்னேன். ஒன்பது தவறு, அது என் பிழை, மாற்ற வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை.

"கதவ தட்டுறது ஆஃப்லைன் நடத்தை. நம்ம ஸ்டடி ஆன்லைன். அத எங்க லா போடுறது?"

"ஆனா படம் வரலன்னா அவங்க..."

"படம் வராதது ஒரு செய்தி இல்ல கோகிலன். வந்தாத்தான் செய்தி. வராததுக்குக் குறியீடே கெடையாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்ப மாத்தினா ரெண்டாவது குறியீட்டாளரும் ஒத்துக்கணும். அவர் ஒத்துக்குவாரா?"

அவர் நான்தான் என்றேன். அப்படியானால் அது நலன் முரண் என்றார்.

21 ஜூலை, திங்கள்

பாடங்கள் தொடங்கின. முதல் பாடம் பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசும் காணொலி. இரண்டாம் பாடத்தில், 'உங்களுக்கு உடல்நலம் குன்றினால் உதவக்கூடியவர்களின் வலைப்பின்னலை வரைக.'

இன்று காலை ஆறரை வரை குழுவில் ஒரே ஒரு படம். முனை 23, 5.50, மயில்மேல் முருகன். செயலி தானாகவே எச்சரிக்கை அனுப்பியது.

1 ஆகஸ்டு, வெள்ளி

நேற்று முன்தினத்தோடு பத்து எச்சரிக்கைகள் ஆகிவிட்டன. ஸ்ட்ரிப்பை நிறுத்தினால் மற்ற அறுபது பேருக்கும் தண்டனை, ஆய்வுக்கும் நட்டம். ஆகவே பேராசிரியர் கருணையோடு வேறொரு வழி கண்டார். நேற்று முதல் நல்லம்மாளுக்காகத் தனியாக ஒரு குழு. 'எட்வினா ஃபேமிலி - ஒப்பீட்டுக் குழு'. அதில் அவர் மட்டும். அங்கே எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம்.

மூன்றாம் பாடத் தேர்வில் இன்று அவர் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார். 'தனிமை உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும். சரியா, தவறா?' செயலி அவருக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது.

சந்தேகம் கேட்கும் சாக்கில் அவரை அழைத்தேன். யாருமில்லாத குழுவில் ஏன் படம் போடுகிறீர்கள் என்றேன்.

"யாரும் இல்லாட்டி என்னா? எழுந்திரிச்சேன்னு எனக்காவது தெரியணும்ல," என்றார்.

6 ஆகஸ்டு, புதன்

தேவன் மையத்துக்கே வந்துவிட்டார். ஐந்து நாட்களாகக் காலையில் பள்ளி வாசலில் வேனை நிறுத்தி நல்லம்மாளுக்குப் போன் செய்திருக்கிறார். செயலி அதைக் கண்டுபிடித்து 'மாசு' என்று பதிவு செய்தது. பங்கேற்பாளர்கள் தமக்குள் முறையின்றித் தொடர்புகொண்டால் தரவு மாசுபடும்.

"நான் என்னாண்ணே அசுத்தம் பண்ணிட்டேன்?" என்று பேராசிரியரிடமே கேட்டார். "இருக்கியாக்கான்னு கேட்டேன், இருக்கேன்டான்னா. வச்சிட்டேன்."

"திரு. தேவன், உங்கள் அன்பை நான் மதிக்கிறேன்," என்றார் பேராசிரியர். "ஆனால் நீங்கள் ஒருவரையே தேர்ந்தெடுத்து அன்பு காட்டுகிறீர்கள். அது சார்பு. அன்பு சமவாய்ப்பு முறையில் இருக்க வேண்டும்."

ஏற்பாடு செய்தார்கள். நாள்தோறும் தேவன் ஒரு போன் செய்யலாம். யாருக்கு என்று கணினி குலுக்கிச் சொல்லும். 61 பேரில் ஒருவர். மீறினால் ஸ்ட்ரிப்பு நிற்கும்.

"அக்கா பேரு எப்ப வரும்?"

"சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை."

தேவன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒங்க ஆபீஸ்ல எல்லாரும் காலையில எழுந்திரிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

7 ஆகஸ்டு, வியாழன்

கணினி முதல் நாள் தேர்ந்தெடுத்த எண் தேவனுடையதே. அவர் முறைப்படி அழைத்திருக்கிறார். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகக் குரல் வந்தது. 'பதில் இல்லை' என்று பதிவாகியிருக்கிறது.

21 ஆகஸ்டு, வியாழன்

ஒப்பீட்டுக் குழுவில் என்னை இரண்டாம் உறுப்பினராகச் சேர்க்கக் கேட்டிருந்தேன். ஆய்வு அறநெறிக் குழு மூன்றாம் வியாழன்தான் கூடும். இன்று கூடியது. ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் கேட்டார்:

"நீங்கள் பார்ப்பது அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியப்படுத்துவேன்."

"தெரிந்தால் அவர் நடத்தை மாறும். ஆய்வு கெடும்."

"அப்படியென்றால் தெரியப்படுத்தாமல்..."

"தெரியாமல் பார்ப்பது ஒழுக்கக்கேடு. இதை நீங்கள் அறநெறிக் குழுவிடமே சொல்கிறீர்கள்."

இரண்டு காரணங்களாலும் நிராகரிப்பு. கூட்டக் குறிப்பில் என் அக்கறைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள்.

ஆனால் குறியீட்டாளர் என்ற முறையில், அன்றன்றைய பதிவேடு மாலை ஏழு மணிக்கு எனக்கு இறங்கும். 5.50க்கு வந்த படத்தைப் பதின்மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன். இன்று தாமரை. இதுவரை ஒருநாளும் தவறவில்லை. அதை நினைத்துத்தான் தூங்குகிறேன். அப்படித் தூங்குவது சரியா என்று தெரியவில்லை.

26 ஆகஸ்டு, செவ்வாய்

மாலை 7.08: பதிவேடு இறங்கியது. முனை 23 காலி.

7.10: மறுபடி இறக்கினேன். காலி.

7.12: கையேடு, பக்கம் 41. 'மூன்று நாள் தொடர்ந்து பதிவு இல்லாவிட்டால் மட்டுமே பங்கேற்பாளரைத் தொடர்புகொள்ளலாம்.'

7.14: நடைபாதையில் ரஜிதா அக்காவிடம் சொன்னேன். "போன்ல டேட்டா முடிஞ்சிருக்கும்லா. நாளைக்குப் பாப்போம்," என்றார். அது நடக்கக்கூடியதுதான். பலருக்கு அப்படி முடிகிறது. வகுப்புக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

7.19: வெளியே வந்து தேவனை அழைத்தேன். "அண்ணே, இன்னிக்குப் படம் வரல," என்றேன். உடனே போனை வைத்துவிட்டார்.

7.41: தேவன் அழைத்தார். "மூச்சு இருக்கு. அடுப்படியில கெடக்குறா. ஆம்புலன்ஸ் வருது." பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம்.

பிறகு நான் வகுப்புக்குள் போனேன். வருகைப்பதிவு முடிவில்தான் எடுப்பார்கள். இன்றைய பாடம் விடுபட்ட தரவு. ஒரு மதிப்பு விடுபட்டால் அந்த இடத்தை அண்டை மதிப்புகளின் சராசரியால் நிரப்பலாம் என்றார் விரிவுரையாளர். எழுதிக்கொண்டேன்.

7.08க்கும் 7.19க்கும் இடையில் பதினொரு நிமிடம். அது என்னுடையது.

28 ஆகஸ்டு, வியாழன்

நல்லம்மாள் கண் விழித்திருக்கிறார். வலது கையும் காலும் சரியாக இயங்கவில்லை. பேச்சு மெதுவாக வருகிறதாம். தேவன் சொன்னார்.

மையத்தில் முனை 23ஐ 'விலகியவர்' என்று பதிய வேண்டியிருந்தது. காரணத்துக்கு மூன்று விடைகள்தான் உண்டு. ஆர்வமின்மை, கைப்பேசி பழுது, இடமாற்றம்.

"இடமாற்றம் போடு," என்றார் ரஜிதா அக்கா. "வீட்லேருந்து வார்டுக்கு."

மூன்று மணிக்குக் கூட்டம். கடையில் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். விதியை மீறி அழைத்ததற்காகத் திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். பேராசிரியர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

"நண்பர்களே, தற்செயலாக ஓர் உண்மையைத் தொட்டுவிட்டோம். செய்தி வராமல் இருப்பதே ஒரு செய்தி! இதை உலகில் யாரும் சிந்தித்ததாக எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள். தனியாக வாழும் நோயாளி நாள்தோறும் காலையில் ஒரு படம் அனுப்புகிறார். வராவிட்டால் அருகில் இருப்பவருக்குத் தகவல் போகிறது. எவ்வளவு எளிமை! இந்த மக்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஐந்து ஆண்டுகளாவது ஆகும். இரண்டாம் கட்ட ஆய்வுக்கு விண்ணப்பம் தயார். இதற்கு 'விடியல் சமிக்ஞை' என்று பெயர் வைத்திருக்கிறேன்."

நான் கையை உயர்த்தினேன். "ஐயா, அவங்க ஏற்கெனவே அப்படித்தான் செய்துகிட்டு இருந்தாங்க. நாமதான் நிறுத்தினோம்."

"அதனால்தான் அதன் பயனை நிரூபிக்க முடிந்தது," என்றார்.

இரண்டாம் கட்டம் ஜனவரியில் தொடங்கும். அதுவரை யாரும் காலையில் படம் அனுப்பக்கூடாது. அனுப்பினால் அடிப்படைத் தரவு மாசுபடும். செப்டம்பர் 6, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈப்போவில் ஒரு ஹோட்டலில் மாநாடு. பேராசிரியர் பேசும்போது திரையில் படவில்லைகளை நான் நகர்த்த வேண்டும். என் செய்முறை மதிப்பெண் அன்றுதான் பதிவாகும்.

5 செப்டம்பர், வெள்ளி

பொது விடுமுறை. பத்து காஜா மருத்துவமனைக்குப் போனேன். தேவன் இருந்தார். நல்லம்மாள் இடக்கையில் ரொட்டியைப் பிடித்திருந்தார். வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கேள்வி... கேக்க... வந்தியா?"

"இல்ல ஆண்ட்டி."

"அப்ப... ஒக்காரு."

உட்கார்ந்தேன். குறியீட்டைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது போட்டது நான்தான், அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்றேன். அவர் ரொட்டியை மென்று முடித்தார். கேட்டாரா என்று தெரியவில்லை. பிறகு, "தண்ணி," என்றார். எடுத்துக் கொடுத்தேன். பாதி சட்டையில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

தேவன் என்னை வெளியே கூட்டிப்போனார்.

"நேத்து எல்லாரும் ஒங்க குழுவுலேருந்து வெளியாயிட்டோம். செயலியையும் அழிச்சாச்சு. ஸ்ட்ரிப்பு போனா போவட்டும், கிளினிக்குல போயி கியூ நிப்போம். நாளைக்கு அக்காவ வீட்டுக்கு விட்றாங்க. நாலாவது மாடி. நடக்க முடியாது. நாற்காலியில வச்சுத்தான் தூக்கணும், நாலு பேரு வேணும். மூணு பேருதான் இருக்கோம்."

நான் ஏதோ முகம் காட்டியிருக்க வேண்டும்.

"மூஞ்சிய ஏன் அப்படி வைக்கிற? உயிரோடதான்லா தூக்கப் போறோம். அந்த நாலு பேரு இல்ல, இது வேற நாலு பேரு."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எட்டரை என்றார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ரஜிதா அக்காவுக்கு எழுதினேன், நாளை மாநாட்டுக்கு வர இயலாது என்று. உடனே பதில் வந்தது: 'மதிப்பெண் போயிரும்லா. காரணம்?' கூடவே ஒரு படிவம். எழுதிக் கொடுக்க இடம் இல்லை, மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். தேர்வு செய்யாமல் அனுப்பினேன். ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி அனுப்பவில்லை.

நாளை, சனி: காலை 8.30, மருத்துவமனை வாசல், தேவனின் வேன். கைப்பிடி உள்ள நாற்காலி தேவன் கொண்டு வருகிறார். கட்டுவதற்கு இரண்டு போர்வை நான் எடுத்துப் போக வேண்டும். வழுக்காத காலணி போட வேண்டும். 72 படிகள். எனக்கு நாற்காலியின் பின்பக்கம், இடது கால்.